இழந்த கப்பல் திரும்பி வராத விளையாட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த வீடியோ கேம் கட்டுரையில் ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி வகைக்கு, அதாவது முறை வைத்துக் காத்திருக்காமல் இரு தரப்பும் ஒரே நேரத்தில் படைகளை நகர்த்திப் போரிடும் விளையாட்டுகளுக்கு, ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருந்தது. அதிலும் விரல் வேகம் உள்ளவர் ஜெயிப்பார் என்ற அளவோடு முடித்துவிட்டார்கள். இந்த வகையில் புகழ்பெற்ற ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டின் போட்டிகளை மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இதே வகையில் முற்றிலும் வேறு குணம் கொண்ட ஒரு விளையாட்டை அண்மையில் ஆடி முடித்தேன். அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஹோம்வேர்ல்டு. 1999இல் கனடாவின் ரெலிக் நிறுவனம் உருவாக்கியது. காரக் என்ற பாலைவனக் கிரகத்து மக்கள், மணலில் புதைந்து கிடந்த பழைய விண்கலம் ஒன்றைக் கண்டெடுக்கிறார்கள். அதற்குள் ஒரு கல், கல்லில் விண்மீன் மண்டலத்தின் வரைபடம். தங்கள் பூர்விகம் வேறெங்கோ இருக்கிறது என்று தெரிந்ததும், 60 ஆண்டுகள் பாடுபட்டு ஒரு தாய்க்கப்பலைக் கட்டுகிறார்கள். காரன் ஸ்ஜெட் என்ற பெண் விஞ்ஞானி தன்னையே அந்தக் கப்பலோடு பிணைத்துக்கொண்டு அதை இயக்குகிறார்.

மூன்றாவது கட்டத்திலேயே கதை தலைகீழாகிறது. சோதனைப் பயணம் முடித்துத் திரும்பினால் காரக் பற்றி எரிந்துகொண்டிருக்கிறது. மிச்சம் இருப்பது, சுற்றுப்பாதையில் மிதக்கும் ஆறு உறைதூக்கக் கலங்கள் மட்டுமே. பயணத்துக்காகத் தூங்கவைக்கப்பட்ட ஆறு லட்சம் பேர் அவற்றுக்குள் இருக்கிறார்கள். எதிரிக் கப்பல்கள் அந்தக் கலங்களைச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே நாம் ஒவ்வொன்றாக இழுத்து வர வேண்டும். பின்னணியில் கூட்டுக்குரலில் ஒரு சோக இசை ஒலிக்கிறது. அந்த நேரத்தில் எத்தனை க்ளிக் செய்கிறோம் என்று யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள்.

என்னை மிகவும் பாதித்தது இதற்கு அப்புறம் வருவதுதான். 1992இல் வந்த டூன் 2 என்ற விளையாட்டின் காலத்திலிருந்து இந்த வகைக்கு ஒரு வழக்கம் உண்டு. தளம் கட்டு, கனிமம் எடு, படை திரட்டு, எதிரியை அழி. அடுத்த வரைபடத்தில் பெரும்பாலும் மறுபடி வெறுங்கையோடு தொடங்கு. நூறு வீரர்களைப் பலி கொடுத்து ஜெயித்தாலும் ஒன்றுதான், ஒருவரையும் இழக்காமல் ஜெயித்தாலும் ஒன்றுதான். ஹோம்வேர்ல்டில் அப்படி இல்லை. ஒரு கட்டத்தின் முடிவில் எந்தக் கப்பல்கள் மிஞ்சுகின்றனவோ, அவையே அடுத்த கட்டத்துக்கு வருகின்றன. சேர்த்த கனிமமும் அப்படியே. கையிருப்பை வீணடித்துவிட்டு வென்றால், தண்டனை இரண்டு கட்டம் தள்ளி வந்து சேரும்.

இதனால் ஆடுகிற மனநிலையே மாறிவிடுகிறது. அடிபட்ட ஃபிரிகேட் என்ற நடுத்தரப் போர்க்கப்பலைச் சண்டையிலிருந்து விலக்கிப் பழுதுபார்க்க அனுப்பத் தோன்றுகிறது. முட்டிமோதாமல், மீட்புக் கார்வெட்டுகள் என்ற சிறு இழுவைக் கப்பல்களை அனுப்பி எதிரியின் கப்பலையே பிடித்து வரத் தோன்றுகிறது. அயன் பீரங்கி பொருத்திய ஃபிரிகேட்டுகள் கோள வடிவில் சூழ்ந்து நிற்கும் ஒரு கட்டம் பிற்பகுதியில் வருகிறது. அவற்றை அழிப்பதைவிட ஒவ்வொன்றாகக் களவாடுவதில் கிடைக்கும் ஆனந்தம் தனி. இது விளையாட்டை எளிதாக்கிவிடுகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஊரை இழந்து அலையும் ஒரு கூட்டம் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொள்ளத்தானே செய்யும்?

அப்புறம், விண்வெளி. இதில் தரை என்பதே கிடையாது. நகர்த்தும் கட்டளை கொடுக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்தினால் கப்பலை மேலேயோ கீழேயோ அனுப்பலாம். எதிரியும் அடிவயிற்றுப் பக்கமிருந்து ஏறி வருவான். கேமரா கைக்குப் பழகச் சிறிது நேரம் பிடிக்கும். பழகிவிட்டால், இருபரிமாணத் தரையில் நடக்கும் போர்கள் எல்லாம் குறுகலாகத் தெரியத் தொடங்கும்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. பழைய பதிப்பில், எதிரிகளை எல்லாம் ஒழித்த பிறகும் மிச்சமுள்ள கனிமத்தை அள்ளி முடிக்கும்வரை சும்மா காத்திருக்க வேண்டும். அது உண்மையிலேயே அலுப்பு. 2015இல் கியர்பாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட புதுப்பித்த பதிப்பு காட்சிகளை அழகாக்கியது, ஆனால் ஃபைட்டர்கள் என்ற சிறு போர்விமானங்களின் எரிபொருள் கணக்கைத் தூக்கிவிட்டது. எனக்கு அது பெரிய இழப்பு. எரிபொருள் தீர்வதற்குள் திரும்ப அழைக்க வேண்டும் என்ற பதற்றம்தான் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஓர் எல்லை போட்டுக்கொண்டிருந்தது. நல்லவேளையாக அதே தொகுப்பில் பழைய பதிப்பும் சேர்ந்தே வருகிறது. புதிதாக ஆடுபவர்கள் பழையதிலேயே தொடங்கலாம் என்பது என் கருத்து.

உங்கள் கட்டுரையாளரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வகை பற்றி அடுத்து எழுதும் முன், ஹோம்வேர்ல்டின் முதல் மூன்று கட்டங்களையாவது அவர் ஆடிப் பார்க்க வேண்டும். விரல் வேகம் பற்றிய அந்த வரியை அதற்குப் பிறகும் வைத்திருந்தால், காரணத்தோடு எழுதட்டும். படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்