பொருள்: தொடக்கநிலை டெரைன் கிட்டில் உள்ள ஸ்ப்ரே பெயிண்ட் ஃபோமைக் கரைப்பது குறித்து

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சின்னப் பொம்மைகளை மேசையில் வைத்து ஆடும் மினியேச்சர் விளையாட்டுகளுக்கு டெரைன் (இடிபாடு, குன்று போன்ற நிலக்காட்சி மாதிரிகள்) செய்யப் புதிதாக இறங்குபவர்களுக்கென்று நீங்கள் விற்கும் கிட்டை வாங்கினேன். 'வேறெதுவும் வாங்கத் தேவையில்லை' என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறீர்கள். கையேடு சொன்னபடி, செதுக்கி முடித்த இடிந்த கோபுரத்தின் மீது அதிலிருந்த கறுப்பு ஸ்ப்ரேயை நேரடியாக அடித்தேன். கண்ணெதிரே ஃபோம் குழிகுழியாக உருகிவிட்டது. பேனா முனையால் கல் வரிகளை இழுத்து, கசக்கிய அலுமினியத் தாளை உருட்டி உருட்டிக் கொண்டுவந்த சொரசொரப்பு எல்லாம் போச்சு.

உங்கள் சேவைப் பிரிவில் கேட்டால், "இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்து அடியுங்கள்" என்கிறார்கள். தூரத்திலா கோளாறு? டப்பாவின் பின்புறம் அசிட்டோன் என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். ஃபோமோ பாலிஸ்டைரின். அசிட்டோன் பட்டால் அது கரையத்தான் செய்யும். வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக் பெயிண்டைக் கலந்து, இடுக்கு விடாமல் தூரிகையால் பூசிக் காயவைத்திருந்தால் ஃபோமுக்கு ஒரு காப்பு இருந்திருக்கும். அப்படிப் பூசினால் ஸ்ப்ரேயே வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்! கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சூடான கம்பியால் ஃபோமை வெட்டும்போது வரும் புகையைப் பற்றியும் இல்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றாவது எழுதியிருக்கலாம்.

பெட்டிப் படத்தில் இருப்பது வழவழப்பான எக்ஸ்பிஎஸ் ஃபோம், அதாவது மணிகள் தெரியாத, அடர்த்தியான பாலிஸ்டைரின் பலகை. உள்ளே இருந்ததோ மணிமணியாக உதிரும் சாதாரண தெர்மாகோல். அதில் நுணுக்கமாகக் கல் செதுக்குவது பெரும்பாடு. '28 மி.மீ. மினியேச்சர்களுக்கு' என்கிறீர்கள், ஆனால் நீங்கள் அச்சிட்டுத் தந்த வார்ப்புருவின்படி வெட்டிய படிக்கட்டில் 25 மி.மீ. பேஸ் (பொம்மையின் அடித்தட்டு) நிற்காமல் சரிகிறது. புல் தூள் மட்டும் உண்மையிலேயே நல்ல தரம்.

மாற்றுக் கிட் அனுப்புவதாகச் சொன்னார்கள். அதிலும் இதே ஸ்ப்ரேதானே இருக்கும்? எனக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும். விற்காமல் இருக்கும் பெட்டிகளில் ஸ்ப்ரேயை எடுத்துவிடுங்கள், அல்லது ஃபோமில் நேரடியாக அடிக்கக்கூடாது என்ற எச்சரிக்கையை வெளியிலேயே ஒட்டுங்கள். ரசீது நகலும் உருகிய கோபுரத்தின் படங்களும் இணைத்துள்ளேன். பதிலை எழுத்தில் அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்