ரேஸ் கார் செட்டில் வராத 12 பல் கியர்: புகார் கடிதம்

கடலூர் – 1
16.06.2025

அனுப்புநர்: உங்களிடம் ரேஸ் கார் செட் வாங்கியவர், மஞ்சக்குப்பம், கடலூர் – 607001.

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வராத உதிரி ஒன்றும், தீர்க்காமலே "தீர்க்கப்பட்டது" என்று மூடிய புகாரும்.

ஐயா / அம்மா,

உங்கள் இணையதளத்தில் ரூ.5,499 கட்டி வாங்கிய, பிளாஸ்டிக் துண்டுகளைக் கோத்து நாமே கட்டுகிற ஃபார்முலா ரேஸ் கார் செட் மே 3-ஆம் தேதி வீட்டுக்கு வந்தது. பெட்டியின் மேல் 1,482 துண்டுகள் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஒன்று வரவில்லை. சட்டைப் பொத்தான் அளவுள்ள, 12 பல் வைத்த சிறு கியர். அதற்காகத்தான் நாற்பது நாளாக உங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குத் தொழில் லாரி மெக்கானிக். செம்மண்டலம் பக்கம் பட்டறை. மகள் இந்த வருஷம் ஒன்பதாவது. போன வருஷம் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த ஃபார்முலா 4 பந்தயத்தை டிவியில் பார்த்ததிலிருந்து அவளுக்கு இந்தப் பைத்தியம். 2005-ல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1-க்குப் போனபோது நாங்கள் பட்டறையில் வேலையைப் போட்டுவிட்டுப் பேப்பரைச் சுற்றி நின்றோம் என்று சொன்னால், "அதெல்லாம் நான் பிறக்கறதுக்கு முன்னாடிப்பா" என்கிறாள். முழுப்பரீட்சை முடிந்தால் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த வாக்கு, வாங்கினேன்.

உங்கள் சாமானில் குறை மட்டும் பார்க்கிறவன் இல்லை நான். பெட்டியைப் பிரித்ததும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன், தொழில் புத்தி. துண்டுகளின் மேல் உள்ள குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர், ஒரு துண்டில்கூட மாறவில்லை. கல் மேல் கல் வைத்து அழுத்தினால் 'டக்'கென்று உட்காருகிறது. ஓட்டுநர் தலைக்கு மேல் வரும் அந்தப் பாதுகாப்பு வளையம், 2018-லிருந்து ஃபார்முலா 1 கார்களில் கட்டாயமானது, அச்சு அசல். பக்கத்துக்கு மூன்றாக ஆறு பிஸ்டன் வைத்த வி6 எஞ்சின். காரைத் தரையில் தள்ளினால் பின்சக்கரம் சுழன்று, ஆக்சில் நடுவில் உள்ள கியர்க் கூடான டிஃபரன்ஷியல் சுழன்று, அந்த ஆறு பிஸ்டனும் ஏறி இறங்க வேண்டும். பெட்டியின் முகப்பிலேயே படம் போட்டுக் காட்டியிருப்பதும் அதைத்தான்.

முதல் நாள் ராத்திரியே மகள் இரண்டாம் நம்பர் கவரைப் பிரித்து, உதிரிகளை இட்லித் தட்டில் குழிக்கு ஒரு வகையாகப் போட்டு வைத்தாள். (இட்லித் தட்டு எங்கள் கையில் சிக்கியதால் அடுத்த நாலு நாளும் வீட்டில் உப்புமாதான். அந்த நஷ்டத்தை உங்கள் கணக்கில் எழுதவில்லை.) டிஃபரன்ஷியல் கட்டும் படிக்கு 12 பல் கியர் மூன்று வேண்டும். குழியில் இருந்தது இரண்டு. கட்டிலுக்கு அடியில், விளக்குமாற்றுக் குப்பையில், கவரின் ஓரமடிப்பில், எல்லா இடத்திலும் தேடினோம். மற்ற கவர்களையும் பிரித்துத் தாம்பாளத்தில் கொட்டிப் பார்த்தோம். இல்லை.

உங்கள் சேவைப் பிரிவில் பதில் எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று புரியவில்லை போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே ஆக்சிலில் இறுக்கிவிட்டால் ஒரு டயர் தேய்ந்து இழுபடும். அதனால்தான் ஆக்சிலை நடுவில் இரண்டாக்கி, ஆக்சில் முனைக்கு ஒரு கியராக வைத்து, இரண்டையும் கோத்துப் பிடிக்க நடுவே இன்னொரு கியர் வைக்கிறார்கள். நீங்கள் அனுப்பாதது அந்த நடுக் கியர். அது இல்லாவிட்டால் சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றும், டிஃபரன்ஷியல் கூடு அசையாது, எஞ்சினுக்கு எதுவும் போய்ச் சேராது.

"எழுதிப் போட்டா அனுப்பிடுவாங்கப்பா, மேல கட்டலாம்" என்றாள். கட்டினோம். நாலாவது நாள் கார் முழுசாக நின்றது. கூடத்தில் வைத்துத் தள்ளினாள். சக்கரம் ஓடியது. குனிந்து எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிஸ்டனும் அசையவில்லை. தெரிந்த விஷயம்தான் என்றாலும் இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

நடுவில் இன்னொரு கூத்து. கையேட்டில் 61 முதல் 68 வரையுள்ள பக்கங்களில், துண்டுகளைக் கோக்கும் கறுப்புப் பின்னும் சாம்பல் பின்னும் ஒரே கறுப்பாக அச்சாகியிருக்கின்றன. கறுப்புப் பின்னில் மெல்லிய வரி உண்டு, துளைக்குள் போனால் இறுக்கிப் பிடிக்கும். சாம்பல் வழவழப்பு, சுழல வேண்டிய இடத்துக்கு அதுதான் போட வேண்டும். படத்தை நம்பி முன் சஸ்பென்ஷன் முழுக்கக் கறுப்பைப் போட்டுவிட்டோம். ஸ்டீயரிங் கிரீஸ் காய்ந்த பழைய லாரி மாதிரி ஆகிவிட்டது. பதினாறு பின்னையும் பல்குச்சியால் நெம்பி எடுத்து மாற்றியது என் மகள். லாரி பிரித்துப் பழகிய கை அதற்கு உதவவில்லை. ஸ்டிக்கர் இரண்டு கோணலாக வெட்டுப்பட்டிருக்கின்றன, அது போகட்டும்.

இனி உங்கள் பக்கம். மே 7-ஆம் தேதி புகார் பதிந்தேன். "உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி" என்று உடனே ஒரு பதில். அடுத்த வாரம், பெட்டியைத் திறக்கும்போது எடுத்த வீடியோ வேண்டும் என்றீர்கள். செல்போன் மாதிரி ஒற்றைப் பொருள் என்றால் பெட்டி திறப்பதை வீடியோ எடுக்கலாம். 1,482 துண்டை, துண்டுக்கு மூன்று விநாடி என்று காட்டினாலே 74 நிமிஷப் படம் ஆகும், இடைவேளை விட வேண்டும். பிறகு, பொருளை முழுதாகத் திருப்பி அனுப்பினால் பணம் தருகிறோம், ஆனால் உள் கவர்கள் பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்றீர்கள். கவரைப் பிரிக்காமல் உள்ளே கியர் இல்லை என்று கண்டுபிடிக்க நான் என்ன ஜோசியரா? கடைசியாக ஜூன் 2-ஆம் தேதி, பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு, "புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று அதில் இல்லை.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையிலும் பழைய பொம்மைக் குவியலில் ஒரு மணி நேரம் துழாவிவிட்டேன். 20 பல் கிடைத்தது. கூட்டுக்குள் நுழையவில்லை.

மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலாவதை நாலு விநாடியில் முடித்துவிட்டீர்கள். இரண்டாவதற்கான ஒரு மாதம் போய்ப் பத்து நாளாகிறது.

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம், கூப்பன் வேண்டாம். அந்த 12 பல் கியர் ஒன்றை அனுப்புங்கள். தொலைந்தால் இருக்கட்டும் என்று இரண்டாக அனுப்பினால் நன்றி. அந்த எட்டுப் பக்கங்களையும் நிறம் பிரிந்து தெரிகிற மாதிரி இணையதளத்தில் ஏற்றுங்கள், இதே செட்டை வாங்கிய மற்ற பிள்ளைகளுக்கும் ஆகும். மூடிய புகாரைத் திறந்து, அது மூடப்பட்டது தவறு என்று எழுத்தில் கொடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆணையம் கடலூரிலேயே இருக்கிறது. உங்களுக்குத்தான் பயணச் செலவு.

பில் நகல், கையேட்டின் எட்டுப் பக்கங்கள், உங்கள் நான்கு பதில்கள், டிஃபரன்ஷியலைத் திறந்து வைத்து எடுத்த படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

கியர் வந்தால் பின் இறக்கையிலிருந்து தொடங்கி ஏறக்குறைய தொண்ணூறு படி பிரித்தாக வேண்டும். அதற்குத் தயாராகத்தான் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்தால் நல்லது, மற்ற நாளில் அவளுக்கு டியூஷன். கூரியர்கூட வேண்டாம், தபால் கவரில் போட்டாலே போதும். எங்கள் தெருவுக்குப் போஸ்ட்மேன் பன்னிரண்டு மணி வாக்கில் வருவார், வீட்டில் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்