இரவு எட்டு மணிக்குப் போன் செய்தவர்களுக்கு

வணக்கம்.

அப்பா வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. நேற்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின், அதாவது கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு, 1.3. மே மாதக் கடைசியில் அது 4.1. அதை இறக்கிக் கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

அப்பாவுக்கு நான்கு வருஷமாகச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்கம். சர்க்கரையாலும் கல்லீரல் கொழுப்பாலும் வந்தது. ஒரு சொட்டு குடித்தவர் இல்லை. ஆனாலும் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். கொரோனா வார்டில் யாரும் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. அதற்கே முதல் நன்றி.

காய்ச்சலோடு உடம்பு வலி தாங்காமல், கடையில் கொடுத்த வலி மாத்திரையை மூன்று நாள் போட்டிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. நான்காம் நாள் வயிறு உப்பி, சிறுநீர் ஏறக்குறைய நின்றேபோனது. முழு ஊரடங்கு நேரம். நத்தத்திலிருந்து மதுரைக்குக் கொண்டுபோன 108 ஓட்டுநர், இரண்டு இடங்களில் படுக்கை இல்லை என்று திருப்பியபோதும் எங்களை இறக்கிவிட்டுப் போகவில்லை. மூன்றாவது இடத்தில் படுக்கை கிடைக்கும்வரை கூடவே நின்றார். அண்ணே, அன்றைக்கு உங்களுக்கு ஒரு டீ கூட வாங்கித் தர முடியவில்லை.

அன்று இரவு டியூட்டியில் இருந்த டாக்டர், கவச உடையோடு வாசலுக்கு வந்து பேசினார். "உங்கப்பாவுக்குக் கிட்னி கெட்டுப்போகலம்மா, அதுக்கு ரத்தம் போய்ச் சேரல" என்றார். கல்லீரல் இறுகிவிட்டால் வயிற்றுப் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். கிட்னிக்குப் போகும் குழாய்கள் சுருங்கிவிடும். கொரோனாவும் வலி மாத்திரையும் சேர்ந்து அதை இன்னும் மோசமாக்கிவிட்டன. "மேல்மடையிலயே தண்ணி நின்னுட்டா கடைமடை காயத்தானே செய்யும்?" என்று கேட்டார். விவசாய வீட்டுப் பெண்ணான எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த நெருக்கடியிலும் எனக்காக ஐந்து நிமிடம் ஒதுக்கினீர்களே டாக்டர், அதை மறக்க மாட்டேன்.

நீர் பிரியும் மாத்திரையை நிறுத்தி, ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைக்கும் ஆல்புமின் என்ற புரதத்தை மட்டும் இரண்டு நாள் ஏற்றிப் பார்த்தார்கள். போதவில்லை. அடுத்து டெர்லிபிரசின், வயிற்றுப் பக்கம் விரிந்த குழாய்களைச் சுருக்கிக் கிட்னிக்கு ரத்தத்தைத் திருப்பும் மருந்து. அது மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். அப்பாவோ அப்போதே ஆக்சிஜனில் இருந்தார். கிட்னியைப் பார்ப்பதா, நுரையீரலைப் பார்ப்பதா? இரண்டு துறை டாக்டர்களும் பேசி, குறைந்த அளவில் தொடங்கி, விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். டயாலிசிஸுக்கு என்னிடம் கையெழுத்துகூட வாங்கி வைத்திருந்தார்கள். அது தேவைப்படவே இல்லை.

ஒரு பாட்டில் ஆல்புமினில் 20 கிராம்தான் இருக்கும். ஒரு நாளைக்கே இரண்டு மூன்று பாட்டில் வேண்டும். கடை கடையாக பைக்கில் அலைந்து வாங்கிவந்த பக்கத்து வீட்டுத் தம்பி, பெட்ரோல் காசைக்கூட வாங்க மறுத்துவிட்டான்.

அப்புறம், நர்ஸ் அக்கா. உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை. தினமும் இரவு எட்டு மணிக்கு நீங்கள் போன் செய்து மூத்திரப் பையின் அளவைச் சொல்வீர்கள். சமையலறை நாட்காட்டியில் மில்லி கணக்கில் குறித்து வைத்திருக்கிறேன்: 150, 180, 160, 310. ஆறாம் நாள் உங்கள் குரலே மாறியிருந்தது. "தொள்ளாயிரம்மா, தொள்ளாயிரம்!" அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அந்தப் பையை ஒவ்வொரு முறையும் அளந்து ஊற்றிக் கழுவிய பணியாளர் அம்மாவின் பெயரைக் கேட்டு வைக்காமல் போனேன். அவருக்கும் இதை யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

அக்கா, உங்கள் முகம் எங்களுக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும். தோட்டத்தில் மாம்பழம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நத்தம் பக்கம் வந்தால் அந்த நம்பருக்கே கூப்பிடுங்கள். அப்பாதான் எடுப்பார்.

இப்படிக்கு,
நாற்பத்திரண்டாம் படுக்கைக்காரரின் மகள்
ஜூலை 2021