ஏழு டப்பா போட்டோ அனுப்பின பொண்ணுக்கு

பாப்பா,

நேத்து நீ அனுப்பின போட்டோவ பெருசாக்கி பெருசாக்கி பாத்துட்டு இருந்தேன். ஏழு டப்பா. "இந்த சத்து மாத்திரை, பவுடரெல்லாம் சாப்பிடறேன்பா, ஆனாலும் அசதில எந்திரிக்க முடியல, ஏதாவது விட்டுப்போச்சா பாருங்க"ன்னு கேட்டிருந்த. போன்ல சொன்னா நீ பாதியில "சரிப்பா சரிப்பா"ன்னு கட் பண்ணிடுவ, அதான் டைப் பண்றேன். இங்கிலாந்துல, உங்க லெஸ்டர்ல இப்ப ராத்திரி, படிச்சிட்டு தூங்கு, பதில் நாளைக்கு போடு.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன், இத்தனை வருஷமா உன்கிட்ட சொல்லல. கும்பகோணத்துல 31 வருஷம் மெடிக்கல் ஷாப் வெச்சிருந்தேன்ல, தினமும் பத்து பேராவது வந்து "அண்ணே கை காலெல்லாம் அசதியா இருக்கு, ஒரு சத்து மாத்திரை குடுங்க"ம்பாங்க. நானும் குடுப்பேன். பொம்பளைன்னா சிவப்பு டானிக், ஆம்பளைன்னா பி காம்ப்ளெக்ஸ். இவ்வளவுதான் என் வைத்தியம். மறுவாரம் வந்து "அண்ணே மூத்திரம் நல்லா மஞ்சளா போகுது, மருந்து பிடிக்குது"ன்னு சந்தோஷமா சொல்லுவாங்க. அது பி2, உடம்புக்கு வேண்டியது போக மிச்சம் வெளிய போற கலர். எனக்கு தெரியும், ஆனா சொன்னதில்ல, யாவாரம்.

அதே கைதான் உங்கம்மாவுக்கும் குடுத்துச்சு. நீ பத்தாவது படிச்சப்ப, ஞாபகம் இருக்கா, அம்மா எப்ப பாத்தாலும் படுத்துட்டே இருப்பா, மே மாசத்துல கூட போர்வை கேப்பா, முடி கொத்து கொத்தா வரும், நீ கூட "அம்மா சோம்பேறி ஆயிட்டாங்க"ன்னு கிண்டல் பண்ணுவ. கடையில இருந்து ஒவ்வொரு மாசமும் ஒரு புது டப்பா கொண்டு வருவேன். இரும்பு சிரப்பு, பி காம்ப்ளெக்ஸ், கால்சியம், அப்புறம் ஒரு ஜின்செங் கேப்சூல். ஒண்ணரை வருஷம் ஓடிச்சு. ஒவ்வொரு டப்பாவுக்கும் முதல் பத்து நாள் "பரவால்லங்க"ம்பா, அப்புறம் பழைய குருடி கதவத் திறடி கதைதான். கடைசில வேற எதுக்கோ ஒரு லேடி டாக்டர்கிட்ட போனப்ப அந்தம்மா முகத்த பாத்துட்டே தைராய்டு டெஸ்ட் எடுக்க சொன்னாங்க. டி.எஸ்.எச். 68, தைராய்டு கம்மியாக கம்மியாக ஏறற நம்பர் அது. நாலு, நாலரைக்குள்ள இருக்கணும். "மருந்துக்கடை வெச்சிருக்கீங்க, ஒரு ரத்த டெஸ்ட் எடுக்க தோணலையா"ன்னு கேட்டாங்க பாரு, இன்னிக்கும் அது காதுல இருக்கு. நான் வாங்கிட்டு வந்த மாத்திரை ஒண்ணும் விஷம் இல்லதான். ஆனா அந்த முதல் பத்து நாள் "பரவால்ல" இருக்கே, அதுதான் ஒண்ணரை வருஷத்த தின்னுச்சு.

இப்ப உன் டப்பாவுக்கு வரேன்.

அந்த கரடி மிட்டாய் மாதிரி இருக்கே, முடிக்கும் நகத்துக்கும்னு, அதுல பயோட்டின்ங்கற பி விட்டமின் 10,000 மைக்ரோகிராம்னு போட்டிருக்கு. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது சுமார் 30. அதிகம்ங்கறது கூட பெரிய விஷயம் இல்ல, பயோட்டின் அவ்வளவு சுலபமா கெடுதல் பண்ணாது, ஆனா லேப்ல பல தைராய்டு டெஸ்டு பயோட்டினை வெச்சுதான் வேலை செய்யுது, ரத்தத்துல அது நிறைய இருந்தா டி.எஸ்.எச். கம்மியாவும் தைராய்டு ஹார்மோன் டி4 அதிகமாவும் தப்பா காட்டிடும். அப்ப அம்மா மாதிரி தைராய்டு கம்மியா இருக்கறவளுக்கு ரிப்போர்ட் நார்மல்னு வரலாம், இல்ல தலைகீழா தைராய்டு ஓவர்னு கூட வரலாம். மாரடைப்புக்கு பாக்கற ட்ரோபோனின் டெஸ்ட்டும் இதுல ஏமாறும், அமெரிக்காவுல மருந்தையெல்லாம் கண்காணிக்கற எஃப்.டி.ஏ. 2017லயே எச்சரிச்சிருக்கு. அம்மாவுக்கு தைராய்டு இருக்கு, பாட்டிக்கும் கழுத்துல வீக்கம் இருந்துச்சு, உனக்கு அது வர வாய்ப்பு மத்தவங்கள விட ஜாஸ்தி. நீ "போன மாசம் தைராய்டு எடுத்தேன்பா, நார்மல்"னு சொன்னியே, அப்ப இந்த கரடி ஓடிட்டு இருந்துச்சா? ஏழு டப்பாவுல என்னை ராத்திரி தூங்க விடாதது இதுதான்.

அஸ்வகந்தா வேற. நம்ம அமுக்கரா கிழங்குதான்னு உனக்கு ஒரு நம்பிக்கை, பாட்டி பால்ல ஒரு சிட்டிகை பொடி போட்டு குடுப்பாங்களேன்னு. அது பொடி, இது சாறை இறுக்கி வத்த வெச்ச கேப்சூல், ரெண்டும் ஒண்ணு இல்ல. தூக்கத்துக்கும் மன இறுக்கத்துக்கும் கொஞ்சம் உதவுதுன்னு சின்ன சின்ன ஆய்வு இருக்கு, இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா இதுவும் தைராய்டு ஹார்மோனை ஏத்தும், அதோட சிலருக்கு ஈரலை பாதிச்சிருக்கு, சில வாரத்துல இருந்து ரெண்டு மூணு மாசத்துக்குள்ள கண்ணு மஞ்சளாகி, உடம்பு அரிச்சு, ஒண்ணுக்கு டீ கலர்ல போயி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்க. நிறுத்தினா பெரும்பாலும் சரியாயிடுது. டென்மார்க்ல 2023ல தடையே பண்ணிட்டாங்க. அது கொஞ்சம் ஓவர்னு எனக்கு தோணும், இருந்தாலும் உனக்கு இப்ப வேண்டாம்.

பி6 கணக்கு போட்டியா? ஒரு டப்பாவுல 50 மில்லிகிராம், அந்த எனர்ஜி பவுடர்ல ஒரு ஸ்கூப்புக்கு 10. உங்க ஊரு அரசாங்க மருத்துவ சேவை என்.எச்.எஸ்ஸே டாக்டர் சொல்லாம ஒரு நாளைக்கு 10க்கு மேல மாத்திரையா எடுக்காதங்குது, பொம்பளைக்கு தேவை 1.2தான். "தண்ணியில கரையற விட்டமின், அதிகமானா வெளிய போயிடும்"னு நானே கடையில நூறு பேர்கிட்ட சொல்லியிருக்கேன். பி6 விஷயத்துல அது பொய். மாசக்கணக்கா அதிகமா போனா நரம்பு கெடும், கால் விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி, மரத்துப்போற மாதிரி. உனக்கு அப்படி ஏதாவது இருக்கான்னு கொஞ்சம் கவனி. இருந்தா அதை சோர்வு கணக்குல சேக்காத, டாக்டர்கிட்ட தனியா சொல்லு.

அந்த பவுடர்ல குவாரானான்னு ஒண்ணு எழுதியிருக்கு பாரு, ஏதோ காட்டுப்பழம்னு நெனைச்சிருப்ப. காஃபின் மூட்டை அது. அதுக்கு மேல ஆபீஸ்ல ரெண்டு காபி, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு எனர்ஜி டிரிங்க், சின்ன டின்னுலயே 80 மில்லிகிராம், நீ குடிக்கறது பெரிய டின். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 வரைக்கும் பரவால்லங்கறாங்க, நீ அதை தொட்டிருப்பன்னு நெனைக்கிறேன். நாலு மணிக்கு குடிச்சதுல பாதி ஒன்பது மணிக்கும் ரத்தத்துல சுத்திட்டு இருக்கும். ராத்திரி தூக்கம் வரல, காலையில எந்திரிக்க முடியல, அதுக்கு இன்னொரு ஸ்கூப். டிகிரி காபி ஊர்க்காரன் நான், காபிய எதிரின்னு சொல்லமாட்டேன், ஆனா காபி கடன் மாதிரி, சாயங்காலம் வாங்கினத காலையில வட்டியோட எடுத்துக்கும். படபடப்பு வருதுன்னு மாப்பிள்ளை சொன்னாரே, அது இதனாலயும் இருக்கலாம். சப்ளிமென்ட்டால அமெரிக்காவுல வருஷத்துக்கு சுமார் 23,000 பேர் எமர்ஜென்சிக்கு போறதா 2015ல ஒரு கணக்கு வந்துச்சு, அதுல சின்ன வயசுக்காரங்க நிறைய பேர் வெயிட் குறைக்கற, எனர்ஜி குடுக்கற அயிட்டத்தால நெஞ்சு வலி படபடப்புன்னு போனவங்க. ஒரேடியா நிறுத்திடாத, தலைவலி மண்டைய பொளக்கும், பவுடரை முதல்ல விடு, டின்னை அடுத்த வாரம் விடு.

எல்லாத்தையும் திட்டறேன்னு நெனைக்காத. இரும்பு மாத்திரை வெச்சிருக்க பாரு, அது உனக்கு நெஜமாவே வேண்டியதா இருக்கலாம். நம்ம தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 53 சதவீதத்துக்கு மேல ரத்தசோகைன்னு 2019-21 சர்வே சொல்லுச்சு. ஹீமோகுளோபின் சரியா இருந்தாலும் ஃபெரிட்டின், அதாவது உள்ள சேத்து வெச்சிருக்கற இரும்பு, கம்மியா இருந்தா அசதி வரும். 2012ல ஒரு ஆய்வு, ரத்தசோகை இல்லாத ஆனா ஃபெரிட்டின் 50க்கு கீழ இருக்கற பொம்பளைங்களுக்கு 12 வாரம் இரும்பு குடுத்தாங்க, அசதி கிட்டத்தட்ட 48 சதவீதம் குறைஞ்சுச்சு. சும்மா மாவு மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் 29 சதவீதம் குறைஞ்சுச்சு. அந்த 29ஐ படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துச்சு, என் கடையோட பாதி யாவாரம் அதுலதான் ஓடிச்சு, உங்கம்மாவோட பத்து நாளும் அதுதான். ஆனா மிச்ச வித்தியாசம் நெஜம். அதனால ஃபெரிட்டின் பாரு, கம்மின்னா சாப்பிடு. ஏற்கனவே நல்லா இருந்துச்சுன்னா உள்ள தள்ளாத, அதிக இரும்ப வெளிய அனுப்ப உடம்புக்கு வழி கிடையாது. டீ காபியோட முழுங்காத, எலுமிச்ச ஜூஸோட எடு, மலம் கறுப்பா போனா பயப்படாத. தினமும் எடுக்கறத விட ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தா நல்லா உறிஞ்சுதுன்னும் வயித்துக்கு தொந்தரவு கம்மின்னும் சொல்றாங்க, டாக்டர்கிட்ட கேளு. மாசாமாசம் ரொம்ப போகுதான்னு அம்மாகிட்ட பேசு, அப்பாகிட்ட சொல்ல கூச்சமா இருக்கும், ஆனா இரும்பு குறையறதுக்கு முதல் காரணமே பெரும்பாலும் அதுதான்.

பி12ம் அப்படித்தான், நீ கல்யாணத்துக்கு அப்புறம் சுத்த சைவம் ஆயிட்ட, முட்டையும் விட்டுட்ட, குறைய நல்லா வாய்ப்பிருக்கு. ஆனா மாத்திரை சாப்பிட்டுட்டே டெஸ்ட் எடுத்தா நம்பர் அழகா வரும், முன்னாடி குறை இருந்துச்சான்னே தெரியாது. போலிக் ஆசிட்டும் சேந்து போச்சுன்னா ரத்தம் சரியான மாதிரி காட்டும், நரம்பு உள்ள கெட்டுட்டே இருக்கும். விட்டமின் டி அங்க வெயிலே இல்லாத ஊர்ல தினம் 400 யூனிட் தப்பில்ல, அவங்க அரசாங்கமே குளிர்காலத்துக்கு சொல்றதுதான். ஆனா போன தடவை இங்கிருந்து 60,000 யூனிட் ஸ்ட்ரிப் ஒண்ணு குடுத்து விட்டேன்ல, அது வாரத்துக்கு ஒண்ணு, எட்டு வாரத்தோட முடிஞ்சுச்சு. யாராவது சொன்னாங்கன்னு தினமும் போட்டுடாத, கால்சியம் ஏறி தாகம், மலச்சிக்கல், கூடவே இதே அசதிதான் வரும். கோ க்யூ 10 கேப்சூல் அசதிக்கு உதவுதான்னு ஸ்பெயின்ல சின்னதா சில ஆய்வு கொஞ்சம் நம்பிக்கையா வந்திருக்கு, பெரிய கெடுதல் இல்ல, பர்ஸுக்குதான் கெடுதல்.

இன்னொண்ணு, நீ பேச்சுவாக்குல சொன்னது. ஞாயித்துக்கிழமை வீட்ட பூரா சுத்தம் பண்ணேன், அன்னிக்கு நல்லாத்தான் இருந்தேன், திங்க செவ்வா ரெண்டு நாள் அடிச்சு போட்ட மாதிரி கிடந்தேன்னு. போன வருஷம் அந்த வைரஸ் காய்ச்சல் வந்து போனதுல இருந்து ஏழு மாசமா இப்படித்தானே? சாதாரண அசதி தூங்கினா போகும். வேலை செஞ்ச மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ மொத்தமா விழுறது, எட்டு மணி நேரம் தூங்கியும் தூங்காத மாதிரி இருக்கறது, மண்டையில மூட்டம், இதெல்லாம் சேந்தா எம்.இ./சி.எஃப்.எஸ்.ங்கற, நாள்பட்ட சோர்வு நோய்னு சொல்ற வேற வியாதியா இருக்கலாம். மத்த காரணமெல்லாம் இல்லன்னு பாத்துட்டுதான் அதை சொல்லணும். அதுக்கு மருந்தா எந்த விட்டமினுக்கும் போதுமான ஆதாரம் இல்லன்னு உங்க ஊர்ல டாக்டர்களுக்கு வழிகாட்டி எழுதற நைஸ் அமைப்பு 2021ல எழுதியிருக்கு, அதே கையோட முன்னாடி சொல்லிட்டு இருந்த "கொஞ்சம் கொஞ்சமா எக்சர்சைஸ ஏத்திட்டே போ"ங்கறதையும் தூக்கிட்டாங்க. அதனால உன் பெரியப்பா "தினம் அஞ்சு கிலோமீட்டர் நடந்தா எல்லாம் ஓடிடும்"னு வாட்ஸப்ல அனுப்பினாரே, அத விட்டுடு. அவரு நல்லதுக்குத்தான் சொல்றாரு. டாக்டர் பாக்கற வரைக்கும் நல்லா இருக்கற நாள்ல முழு பலத்தையும் செலவு பண்ணாத. வீடு அழுக்கா இருந்தா இருக்கட்டும், மாப்பிள்ளை கூட்டட்டும், நான் சொன்னேன்னு சொல்லு.

இப்ப செய்ய வேண்டியது. ஜி.பி.கிட்ட, அதான் உங்க ஏரியா டாக்டர்கிட்ட, அப்பாயின்ட்மென்ட் போடு, பத்து நிமிஷம்தான் குடுப்பாங்க, அதனால எப்ப ஆரம்பிச்சுது, எது பண்ணினா விழுற, எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிட்டு போ. ஏழு டப்பாவையும் பைல போட்டு கொண்டு போய் மேஜைல வை, வெக்கப்படாத. அம்மாவுக்கு தைராய்டுன்னு முதல் வரியிலயே சொல்லு. ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, தைராய்டு, சுகர், ஈரல், கிட்னி, கோதுமைல இருக்கற குளூட்டன் குடலை கெடுக்குதான்னு பாக்கற சீலியாக் டெஸ்ட், இதெல்லாம் கேளு. குறட்டை விடறதா மாப்பிள்ளை சிரிச்சாரே, அதையும் சொல்லு, தூக்கத்துல மூச்சு தடைபட்டாலும் பகல்ல இப்படித்தான் இருக்கும். மனசு எப்படி இருக்குன்னு கேட்டா மழுப்பாத.

அம்மா அடுப்படியில இருந்து ரெண்டு தடவை கூப்பிட்டுட்டா. இத்தனையும் எழுதினத அவகிட்ட இன்னும் படிச்சு காட்டல, அந்த 68 கதைய நீயா அவகிட்ட எடுக்காத, நானே பேசிக்கறேன்.

அப்பா

பி.கு. தைராய்டு திரும்ப எடுக்கறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே கரடிய நிறுத்தியிருக்கணும், எதுக்கு அந்த ரெண்டு மூணு நாள் கணக்கு, இன்னிக்கே தூக்கி போடு. ரிப்போர்ட் வந்ததும் "நார்மல்"னு ஒரு வார்த்தையில சொல்லாத, நம்பரோட போட்டோ எடுத்து அனுப்பு.