பெரு நாட்டுக் குஸ்கோவுல ரூம்லயே படுத்துக் கிடந்த என் ஃப்ரெண்டுக்கு

ஏய்,

நேத்து போன்ல மறுபடியும் "என்னாலதான்டி எல்லாருக்கும் டூர் கெட்டுப்போச்சு"ன்னு சொன்னியே, அதைக் கேட்டதுல இருந்து மனசே சரியில்ல. அதான் எல்லாரும் படிக்கிற இடத்துலயே எழுதுறேன், அடுத்த வருஷம் போற பசங்களுக்கும் தெரியட்டும்.

தப்பு உன்மேல இல்லடி. கடலோரத்துல இருக்குற லிமாவுல காலையில ஃப்ளைட் ஏறி, ஒன்றரை மணி நேரத்துல 3,400 மீட்டர் உயரத்துல இருக்குற குஸ்கோவுல இறங்கினா யாருக்கா இருந்தாலும் தலை சுத்தத்தான் செய்யும். அங்கயும் காத்துல ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனா காத்தோட அழுத்தம் கீழ இருக்குறதுல மூணுல ரெண்டு பங்குதான், அதனால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போற ஆக்சிஜன் கம்மி, உடம்பு அதுக்குப் பழக ரெண்டு மூணு நாளாவது வேணும். பிளான் போட்டவங்க இதை யோசிக்கவே இல்ல, இறங்கின அன்னிக்கே மதியம் ஊருக்கு மேல இருக்குற சாக்சாய்வமான் கோட்டைக்கு ஏறணும்னு போட்டு வச்சிருந்தாங்க. நீ கோகா இலை டீயைக் கையில வச்சுக்கிட்டு படியிலயே உக்காந்துட்ட, உதடெல்லாம் வெளுத்துப்போச்சு. ஹோட்டல் அம்மா உன்னைப் பார்த்ததுமே "சொரோச்சே"ன்னாங்க, மலை ஏறினா வர்ற இந்த நோவுக்கு அங்க அதான் பேரு. எனக்கும் அப்போ மண்டை இடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு, வெளிய சொல்லல. நீ உக்காந்ததாலதான் கோட்டையைத் தள்ளி வச்சாங்க, இல்லன்னா நாங்க எத்தனை பேர் மேல போய் விழுந்திருப்போமோ.

அதுக்குப் பதிலா நாங்க பக்கத்துலயே மெதுவா நடந்து கோரிகாஞ்சா போனோம். ஸ்பானிஷ்காரங்க வர்றதுக்கு முன்னாடி அங்க ஆண்ட இன்காக்களோட சூரியன் கோயில். சுவர் மேல இருந்த தங்கத் தகட்டை எல்லாம் 1533ல ஸ்பானிஷ்காரங்க பேத்து எடுத்துட்டாங்க, அப்புறம் கோயில் மேலயே சாண்டோ டொமிங்கோங்கிற கிறிஸ்தவ மடத்தைக் கட்டிட்டாங்க. 1950 மே மாசம் வந்த பூகம்பத்துல மடம் இடிஞ்சு விழுந்துச்சு, உள்ள மறைஞ்சு கிடந்த இன்கா சுவர் நின்னுச்சு. எனக்கு அங்க நிக்கும்போது தொண்டை அடைச்சுக்கிச்சுடி.

ஒரு சுவர்கிட்ட மூஞ்சியை வச்சுப் பார்த்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு கோடு தெரியுது, இடுக்கு தெரியல. சாந்து கிடையாது, இரும்பு உளியும் அவங்ககிட்ட கிடையாது, இதைவிடக் கெட்டியான கல்லை எடுத்துத் தட்டித் தட்டி, வச்சுப் பார்த்து, எடுத்து மறுபடி தட்டி, அப்படியே இழைச்சிருக்காங்க. சுவர் லேசா உள்பக்கம் சாஞ்சிருக்கு, வாசல் கீழ அகலம், மேல குறுகல், பூமி ஆடினாலும் தாங்குறதுக்கு அதுவும் ஒரு காரணம். திரும்பி வரும்போது ஹட்டுன் ருமியோக் தெருவுல அந்தப் பன்னெண்டு மூலைக் கல்லைப் பார்த்தோம், பன்னெண்டு மூலையிலயும் பக்கத்துக் கல்லு அச்சு மாதிரி உக்காந்திருக்கு. பத்தடி நடந்தா மூச்சு வாங்குச்சு, நின்னோம், நின்னதாலதான் இதெல்லாம் கண்ணுல பட்டுச்சு. ஓடி ஓடிப் பார்த்திருந்தா போட்டோ மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

மூணாவது நாள் பசங்க எல்லாம் சாக்சாய்வமான் போனாங்கல்ல, நூறு டன்னுக்கு மேல எடை உள்ள கல்லெல்லாம் இருக்குற இடம், நான் அன்னிக்கு "கால் வலிக்குது"ன்னு சொல்லி உன்கூட இருந்துட்டேன். கால் வலிக்கலடி. நீ இல்லாம அதைப் பார்க்க எனக்கு மனசு வரல.

அடுத்த தடவை லிமாவுல இருந்து குஸ்கோ போய் இறங்கினதும் நேரா கீழ உருபம்பா பள்ளத்தாக்குக்குப் போயிடலாம், அது ஒரு ஐநூறு மீட்டர் தாழ்வு, அங்க ரெண்டு நாள் தூங்கி எழுந்துட்டு அப்புறம் மெதுவா மேல ஏறலாம். காசு சேர்க்க ஆரம்பிச்சுட்டேன். உன் நீல பையோட சைடு ஜிப்புல ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும் பாரு, ஹோட்டல் அம்மா கொடுத்த முன்யா இலை, புதினா மாதிரி வாசனை வரும். கொதிக்க வச்சுக் குடி.