தங்கச்சி மேல மட்டும் பழியப் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல 'ஷெர்லாக்' டிவி தொடரோட கடைசி எபிசோட் 'தி ஃபைனல் பிராப்ளம்' பத்தி வந்த கட்டுரையப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாரு, ஆனா முழுக்க முழுக்க ஷெர்லாக்கோட தங்கச்சி யூரஸ் மேலயே பழியப் போட்டுட்டு, அரசாங்கத்துல பெரிய பதவில இருக்கற பெரியண்ணன் மைக்ராஃப்ட பாசக்கார அண்ணன்னு ஒரே வரில தாண்டிப் போயிட்டாரே, அதுதான் எனக்கு ஒத்துக்கவே முடியல. ரெண்டு அண்ணனுங்களுக்கு அப்புறம் பொறந்தவ நானு, அதனால கொஞ்சம் ஒரவஞ்சனையாத்தான் பேசுவேன், மன்னிச்சுக்கோங்க.

யூரஸ் நல்லவன்னு நான் சொல்ல வரல. அஞ்சாறு வயசுல சின்னண்ணன் ஷெர்லாக்கோட ஃப்ரெண்டு விக்டர கெணத்துல தள்ளி சாகவிட்டா, வீட்டுக்குத் தீ வச்சா, எல்லாம் சரி. ஆனா அதுக்கப்புறம் நடந்ததப் பாருங்க. முதல்ல மாமா ஒருத்தர் அவள எங்கயோ கொண்டுபோய் அடைக்கிறாரு, அப்புறம் அந்த வேலைய மைக்ராஃப்ட் எடுத்துக்குறான், பெத்தவங்ககிட்ட உங்க பொண்ணு தீ விபத்துல செத்துட்டான்னு சொல்லிடுறான். பல வருஷமா அவங்க அத நம்பிட்டு இருக்காங்க. இதுக்கு என்ன பேரு? அவ உயிரோட நடுக்கடல்ல ஷெரின்ஃபோர்டுங்கற தீவு ஜெயில்ல இருக்கா, இவன் அடிக்கடி போய் பாத்துட்டு வர்றான், சும்மா பாக்கல, நாட்டுக்கு வேலை வாங்குறான், அடுத்த தாக்குதல் எப்போன்னு அவ மூளைய வச்சே கண்டுபிடிச்சிக்குறான். பதிலுக்கு அவளுக்கு ஏதாவது பரிசு குடுக்கணும். அப்படி ஒரு கிறிஸ்துமஸுக்கு அவ கேட்ட பரிசு என்னன்னா மோரியார்ட்டிகூட அஞ்சு நிமிஷம் தனியா பேசணும், அதையும் ஏற்பாடு பண்ணிக் குடுத்தவன் இவன்தான்! நாட்டுலயே பெரிய கிரிமினலையும் உலகத்துலயே ஆபத்தானவன்னு தானே சொல்ற தங்கச்சியையும் ஒரே ரூம்ல விட்டுட்டு அப்புறம் அய்யோ குய்யோன்னா என்ன அர்த்தம். இந்தக் கதைல வர்ற சாவு எல்லாத்துக்கும் நேரா வழி போறது அந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான். கட்டுரைல அதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

இன்னொரு கூத்து, ஷெர்லாக்குக்கே இப்படி ஒரு தங்கச்சி இருந்தது மறந்து போச்சு, செத்த ஃப்ரெண்ட மனசுக்குள்ள ரெட்பியர்ட்னு ஒரு நாயா மாத்தி வச்சுக்கிட்டான். அது தெரிஞ்சும் மைக்ராஃப்ட் உண்மையச் சொல்லல. அதுமட்டுமில்ல, அப்பப்போ பேச்சுவாக்குல ரெட்பியர்ட் மாதிரி பழைய வார்த்தைகள உள்ள விட்டு தம்பிக்கு ஏதாச்சும் ஞாபகம் வருதான்னு செக் பண்ணிட்டே இருந்தானாம், இத அவனே இந்த எபிசோட்ல ஒத்துக்குறான். சொந்தத் தம்பிய ஆராய்ச்சிப் பொருள் மாதிரி வருஷக்கணக்கா வச்சிருந்திருக்கான் சார்.

யூரஸ் விஷயத்துக்கு வரேன். அவ ஆட்டிவைக்கிறவங்கறத நான் நம்பினது இந்த எபிசோட்ல இல்ல, இதுக்கு முந்தின வாரம் 2017 ஜனவரி 8 அன்னிக்கு வந்த 'தி லையிங் டிடெக்டிவ்'ல. பஸ்ல ஷெர்லாக்கோட நண்பன் வாட்சனப் பாத்து சிரிக்கிற பொண்ணு, ராத்திரி ஷெர்லாக்கத் தேடி வர்ற ஃபெய்த்ங்கற பொண்ணு, வாட்சனுக்கு கவுன்சிலிங் குடுக்கற தெரபிஸ்ட், மூணும் யூரஸ் போட்ட வேஷம், நடிச்சது ஒரே ஆளு, ஷான் ப்ரூக். அந்த எபிசோட் முடியுற வரைக்கும் எனக்குப் பொறி தட்டவே இல்ல. என்ன அருமையான நடிப்பு! அதுல அவ யாரையும் மயக்கல, வசியம் பண்ணல, எதுக்க உக்காந்து பேசுறத கேக்குறா, அவ்ளோதான். பொண்டாட்டி செத்த துக்கத்துல இருக்கறவன் யார்கிட்ட மனசத் திறப்பான், தனியா கெடக்கற புத்திசாலி எந்த மாதிரி ஆள நம்பி ராத்திரி முழுக்க தெருத்தெருவா கூட நடப்பான்னு கணக்குப் போட்டு அந்த ஆளா வந்து நிக்கிறா. நெஜத்துலயும் ஆட்டிவைக்கிறவங்க இப்படித்தான இருப்பாங்க?

தீவுக்குப் போனதும் எல்லாம் மாறிடுது. அவகிட்ட பேசினா போதும், யாரா இருந்தாலும் அவ சொல்றபடி ஆடுவாங்கன்னு வசனத்துல சொல்லிடுறாங்க, மொத்த ஜெயிலும் அவ கைல, கவர்னர்னு சொல்ற ஜெயில் தலைமை அதிகாரிகூட அவ ஆளு. எப்படிப் பிடிச்சா, என்ன பேசினா, முதல்ல விழுந்தவன் யாரு, அந்த கவர்னர் எந்த எடத்துல சறுக்கினாருன்னு ஒரு முழு சீன் காட்டியிருந்தா நான் எந்திரிச்சு நின்னு கைதட்டியிருப்பேன். காட்டாம விட்டா அது மந்திரவாதிக் கதை ஆயிடும், துப்பறியுற கதை இல்ல. ஜெயில்ல அவளுக்கும் ஷெர்லாக்குக்கும் நடுவுல இருக்கற அந்தக் கண்ணாடிச் சுவர் சமாச்சாரமும் அப்படித்தான், கைய நீட்டினா கண்ணாடியே இல்லயாம், எதப் பாத்தாலும் துப்பு சொல்றவன் அதக் கவனிக்கலயாம். பாக்கறப்போ தூக்கிவாரிப் போட்டுச்சு, மறுநாள் யோசிச்சா சிரிப்புத்தான் வந்துச்சு.

இவ்ளோ குறை சொல்றேன், ஆனா ஷெர்லாக்க ரொம்ப நாளா மனசுக்குள்ள காதலிக்கற மோலிக்கு அவன் போன் பண்ற சீன் வந்தப்போ வாயடைச்சுப் போயிட்டேன். யூரஸ் குடுக்கற கெடு மூணு நிமிஷம், அதுக்குள்ள அவள 'ஐ லவ் யூ' சொல்ல வைக்கணும், இல்லன்னா அவ வீட்டுல குண்டு வெடிக்கும், விஷயத்த அவகிட்ட சொல்லவும் கூடாது. ஒரு காலி சவப்பெட்டிய பக்கத்துல வச்சுக்கிட்டு ஷெர்லாக் கெஞ்சுறான். அவ சமையல் மேடைகிட்ட நின்னுக்கிட்டு போன எடுக்கலாமா வேணாமான்னு முதல்ல விட்டுடுறா, அப்புறம் எடுத்து, ஏன் என்னைய இப்படி நோகடிக்கிறன்னு கேக்குறா, கடைசில நீ முதல்ல சொல்லு, மனசாரச் சொல்லுங்கறா. இவன் ஒரு தடவ ஒப்புக்குச் சொல்றான், ரெண்டாவது தடவ சொல்றப்போ குரலே வேற. அப்புறம்தான் தெரியுது, குண்டும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. யூரஸ் செஞ்சது இவ்வளவுதான், ரெண்டு பேரு வாயிலருந்து ஒரு வார்த்தைய பிடுங்கினா, ரெண்டு பேரும் நாசம். ஷெர்லாக் அந்தப் பெட்டிய வெறுங்கையால அடிச்சு ஒடைக்கிறான். எபிசோட் முழுக்க இந்த அளவுல இருந்திருந்தா நான் இந்த லெட்டரே எழுதியிருக்க மாட்டேன். கொடும என்னன்னா, அதுக்கப்புறம் மோலிகிட்ட அவன் என்ன சொன்னான், அவ எப்படித் தாங்கினா, எதுவும் கெடையாது, கடைசில சிரிச்ச மொகத்தோட பேக்கர் ஸ்ட்ரீட்ல இருக்கற ஷெர்லாக் வீட்டுக்குள்ள வர்றா, அவ்ளோதான்.

கானன் டாயில் எழுதுன மூலக்கதைகள்ல ஷெர்லாக்குக்கு கூடப்பொறந்தவன்னு வந்து நிக்கிறது 1893ல வந்த கதைல மைக்ராஃப்ட் ஒருத்தன்தான். அதனால தங்கச்சிய புதுசா உள்ள கொண்டுவந்தது தப்புன்னு சில பேரு கத்துறாங்க, எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல, புதுசா சேக்கலாம், தாராளமா சேக்கலாம். வந்தவளுக்கு ஒரு மனசு குடுத்தாங்களான்னுதான் பாக்கணும். சின்ன வயசுல சின்னண்ணன் விக்டர்கூடயே வெளையாடிட்டு இவள சேத்துக்கவே இல்ல, கைய அறுத்துக்கிட்டு சதை எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கற கொழந்தைகிட்ட வலிச்சுதான்னு கேட்டா வலின்னா எதுன்னு திருப்பிக் கேக்குறா. இந்த ஒரு பதில வச்சே ஒன்றரை மணிநேரமும் எடுத்திருக்கலாம். அதுக்குப் பதிலா கயித்துல தொங்குற மூணு பேரு, வீட்டுக்குள்ள வெடிக்கிற குண்டு, பிளேன்ல தனியா அழுவுற பொண்ணுன்னு வித்தை காட்டிக்கிட்டே போயிட்டாங்க.

கடைசில உண்மை தெரிஞ்சதும் அம்மா மைக்ராஃப்ட ரெண்டு திட்டு திட்டுறாங்க, அவனால முடிஞ்சத செஞ்சான்னு ஷெர்லாக் வக்காலத்து வாங்குறான், அத்தோட கணக்கு முடிஞ்சுது. தங்கச்சி திரும்ப அதே ஜெயில்ல, வாயத் திறந்து பேசறதையே விட்டுட்டா. அண்ணன் திரும்ப அதே பதவில. இது நியாயமான்னு கட்டுரை எழுதினவர் கேட்டிருக்கணும், கேக்கல.

அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். 2014ல வந்த வாட்சன் கல்யாண எபிசோட 'தி சைன் ஆஃப் த்ரீ'ய எடுத்து, ஷெர்லாக்கும் மைக்ராஃப்டும் போன்ல பேசற எடத்த மட்டும் திரும்பப் பாக்கச் சொல்லுங்க. வீட்டுல டிரெட்மில்ல ஓடி மூச்சு வாங்கிட்டு இருக்கறவன், தம்பி சந்தோஷமா இருக்க வேண்டிய நாள்ல, ரெட்பியர்ட ஞாபகம் இருக்கான்னு கேக்குறான். நான் இன்னும் சின்னப் புள்ள இல்லன்னு தம்பி எரிஞ்சு விழுறான். முதல் தடவ பாத்தப்போ அண்ணன் தம்பி சீண்டல்னு நெனச்சு நான் சிரிச்சிருந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி