39 இலக்க எண்ணுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

2¹²⁷ − 1 ஒரு பகா எண் என்பதை நானே கணக்குப் போட்டுப் பார்த்து, அது எப்படி என்று தமிழில் ஒரு கட்டுரையும் எழுதி முடித்துவிட்டேன். தனியாளாகச் செய்த வேலை இல்லை இது. யார் யார் கைகொடுத்தார்கள் என்பதை எல்லோரும் அறியச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி என் கணித ஆசிரியருக்கு. 2¹²⁷ − 1-ஐ விரித்து எழுதினால் வரும் 170141183460469231731687303715884105727 என்ற எண்ணைப் பார்த்ததும், சின்னச் சின்னப் பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கலாமே என்றுதான் எவருக்கும் தோன்றும். அந்த வழியில் போனால் ஆயுசு பத்தாது. அவர் சொல்லித் தந்தது வேறு வழி. 4-இல் தொடங்க வேண்டும். அதை வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை வைத்து மறுபடியும் அதே வேலை. 125 முறை செய்த பிறகு மீதி பூச்சியம் என்றால் பகா எண், வேறு எது வந்தாலும் பகு எண். நான் நம்பாமல் விழித்ததைப் பார்த்து, 31-ஐப் பலகையில் எழுதினார். 31 என்பது 2⁵ − 1. ஆகவே 5-இல் 2 போக மூன்று படிகள். 4-இலிருந்து 14 வந்தது. அப்புறம் 194, அதை 31-ஆல் வகுக்க மீதி 8. 8-இன் வர்க்கத்தில் 2 போக 62. சரி, 62-இல் 31 இரண்டு முறை, மீதி பூச்சியம்! அதோடு விடாமல், 2 + √3 என்ற எண்ணை வைத்து இதற்கான நிரூபணத்தையும் வரிவரியாக விளக்கினார். அந்தப் பொறுமைக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

நிரல் எழுத உதவிய நண்பருக்கு அடுத்த நன்றி. 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் இரும முறையில் நம் எண் வெறும் 127 ஒன்றுகள். 2¹²⁷-ஐ அதால் வகுத்தால் மீதி 1. அதனால் வகுத்தலே தேவையில்லை என்றார். ஒவ்வொரு படியிலும் வரும் எண்ணை இரும முறையில் எழுதி, வலப்பக்கம் 127 இலக்கங்களைப் பிரித்து, இடப்பக்கம் மிஞ்சுவதை அதோடு கூட்டினால் போதும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ் இந்த எண்ணைப் பகா எண் என்று நிறுவியது 1876-இல், கையால் கணக்கிட்டு. 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் அறியப்படவில்லை. அவருடைய முறைக்கு நான் பின்பற்றிய எளிய வடிவத்தைத் தந்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் லேமர். இந்த வரலாற்றைத் தேடித் தந்த நூலகருக்கும் நன்றி.

2⁶⁷ − 1 பற்றியும் எழுதியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் கட்டுரையை முதலில் படித்த தோழி. பிரெஞ்சுத் துறவியும் கணித அறிஞருமான மெர்சென் 1644-இல் அதைப் பகா எண் என்று சொல்லியிருந்தார். அது பகு எண் என்று லூக்காஸ் கண்டார். ஆனால் காரணிகள் என்னவென்று அவர் வழி சொல்லாது. 1903-இல்தான் அமெரிக்கக் கணித அறிஞர் கோல் அவற்றைக் கண்டுபிடித்தார். அந்தக் காரணிகளான 193707721-ஐயும் 761838257287-ஐயும் தோழி தாளில் பெருக்கிச் சரிபார்த்துத்தான் பக்கத்தைத் திருப்பித் தந்தார்.

கடைசியாக, கட்டுரையைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்ட பள்ளி மாணவிக்கு. 2-க்கு 2-ஐயே அடுக்காக வைத்து 1-ஐக் கழித்தால் 3, 3-ஐ வைத்தால் 7, 7-ஐ வைத்தால் 127, 127-ஐ வைத்தால் நம் எண். எல்லாமே பகா எண்கள். "அப்போ இந்த 39 இலக்க எண்ணையே அடுக்காக வைத்தால்?" என்று கேட்டாள். அது பகா எண்ணா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியையும் அவளுக்கு நன்றி சொல்லி கட்டுரையில் சேர்த்துவிட்டேன்.